பிரிட்ஜ் வாங்கப் போகிறீர்களா? மாவுப் பாத்திரத்தையும் எடுத்துப் போங்கள்!

கல்பாக்கம் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது?

அணு மின்சார நிலையம்தான். அங்கே முதல் அணு உலை 1983-ம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. அன்று முதல் அந்தக் கடற்கரை ஊரின் பெயர் எங்கும் பரவி விட்டது.

ஆனால், நான் கல்பாக்கத்துக்குப் போனது அணு உலையைப் பார்க்க அல்ல. ஒரு பிரிட்ஜைப் பார்க்க!

ஆம். என் அக்காள் வீட்டுப் பிரிட்ஜ் நின்று போய் விட்டது. "புதிது வாங்க வேண்டும். நீயும் கூட வாடா தம்பி" என்று அக்காள் போனில் கூப்பிட்டாள்.

அத்தானுக்குக் கல்பாக்கத்தில் வேலை. குடியிருப்பது பக்கத்தில் உள்ள புதுப்பட்டினத்தில். வாடகை வீடு. அக்காள், அத்தான், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், அத்தானின் தாயார். ஆக ஐந்து பேர். கதவைத் திறந்து தெரு முனைக்கு வந்தால் கடல் காற்று முகத்தில் அடிக்கும்.

அந்தக் காற்றுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று பிறகு தெரிந்தது.

உப்புக் காற்று செய்த வேலை

மெக்கானிக் வந்தார். பிரிட்ஜைச் சுவரை விட்டு இழுத்துத் திருப்பிப் போட்டார். எல்லோரும் எட்டிப் பார்த்தோம்.

பின்பக்கத்தில் இருந்த கறுப்புக் கம்பிக் குழாய்கள் செம்மண் நிறத்தில் இருந்தன. அடித் தகடு விரல் பட்டதும் உதிர்ந்தது. ஒரு குழாயில் ஊசி முனை அளவுக்கு ஓட்டை. உள்ளே இருந்த கேஸ் அந்த வழியாகப் போய் விட்டது.

"எட்டு வருஷம் ஓடினதே பெரிசுங்க. கடலுக்குப் பக்கத்துல எதுவும் நிக்காது" என்றார் மெக்கானிக்.

இந்தக் கரையில் குடியிருப்பவர்களுக்கு இது புதிது அல்ல. சைக்கிள் செயின், ஜன்னல் கம்பி, கதவுக் கீல் எல்லாம் சீக்கிரமே துருப் பிடிக்கும். வடக்கே கோவளம், கேளம்பாக்கம் பக்கம் உப்பளங்கள். தெற்கே மரக்காணத்தில் உப்பளங்கள். அலை சிதறும்போதெல்லாம் உப்புத் துளிகள் காற்றில் கலக்கின்றன. உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்துக் கொள்ளும். ஈரம் இரும்பைத் தின்னும்.

செங்கல்பட்டில் இருக்கும் என் நண்பர் வீட்டில் இருபது வருஷப் பிரிட்ஜ் ஒன்று இன்னும் ஓடிக் கொண்டிருக்கிறது. அதே மாவட்டம்தான். ஆனால் கடல் தூரம்! ஆகையால், "அவர்கள் வாங்கினார்கள், நாமும் அதையே வாங்குவோம்" என்று கிளம்பக் கூடாது.

பானை சொல்லும் பாடம்

பிரிட்ஜ் எப்படிக் குளிர்கிறது? இதைத் தெரிந்து கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்து விடும்.

மண் பானையை நினைத்துக் கொள்ளுங்கள். பானையில் உள்ள நீர் சிறிது சிறிதாக வெளியே கசிந்து ஆவியாகிறது. ஆவியாகும்போது பானையில் உள்ள சூட்டையும் எடுத்துக் கொண்டு போகிறது. மிச்சத் தண்ணீர் குளிர்ந்து விடுகிறது.

பிரிட்ஜும் இதே வேலையைத்தான் செய்கிறது. குழாய்க்குள் இருக்கும் திரவம் ஆவியாகி, உள்ளே உள்ள சூட்டை எடுக்கிறது. கம்ப்ரஸர் அந்த ஆவியை அழுத்தி வெளிப்பக்கக் குழாய்க்கு அனுப்புகிறது. அங்கே சூட்டைக் கக்கிவிட்டு, அது மறுபடி திரவமாகி உள்ளே வருகிறது. ஆகவே பிரிட்ஜ் குளிரை உண்டாக்குவது இல்லை. உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ளுகிறது! அந்தச் சூடு போக இடம் வேண்டாமா? சுவரோடு ஒட்டி வைத்தால் பாவம், அது எங்கே தள்ளும்?

காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருந்தால் பானை நீர் வேகமாக ஆவியாகாது. அதனால்தான் கடற்கரை ஊர்ப் பானைத் தண்ணீர், வேலூர்ப் பானைத் தண்ணீரைப் போல ஜில்லென்று இருப்பது இல்லை.

சென்னையில் வாழ்ந்த வெள்ளைக்காரர்களுக்கு இந்தப் பானைத் தண்ணீர் போதவில்லை. அமெரிக்காவில் குளிர்காலத்தில் உறையும் ஏரிகளிலிருந்து ஐஸ் பாளங்களை அறுத்து, மரத் தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி மாதக் கணக்கில் பயணம் செய்து, இதே வங்கக் கடலுக்குக் கொண்டு வந்தார்கள்! அதைச் சேமித்து வைக்க 1842-ல் சென்னைக் கடற்கரையில் கட்டிய வீடுதான் ஐஸ் ஹவுஸ். பிற்பாடு 1897-ல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். இப்போது அது விவேகானந்தர் இல்லம். நம் நாட்டிலேயே தயாரித்த முதல் பிரிட்ஜ், 1958-ல் கோத்ரெஜ் கம்பெனியில் இருந்து வந்தது.

அளவு நாடா எங்கே?

அத்தானுக்கு ஓர் ஆசை. விளம்பரத்தில் பார்த்திருக்கிறார். பீரோ மாதிரி இரண்டு கதவு பக்கம் பக்கமாகத் திறக்குமே, அந்தப் பெட்டி.

"வாங்கறதே வாங்கறோம், பெரிசா வாங்கிடுவோம் மாப்பிள்ளே. மாதத் தவணைதானே!" என்றார்.

அக்காள் பதில் பேசவில்லை. தையல் பெட்டியிலிருந்து அளவு நாடாவை எடுத்து வந்தாள்.

அந்த ரகப் பெட்டி ஏறக்குறைய மூன்று அடி அகலம். அக்காள் வீட்டுச் சமையலறைக் கதவோ இரண்டரை அடி. அடுப்பு மேடையையும் தொட்டியையும் கழித்தால், பெட்டி வைக்க மிச்சம் இருந்தது இரண்டே கால் அடி.

"வாங்கிட்டு வந்தா கூடத்துலதான் நிக்கும். நாம எங்கே படுக்கறது?" என்றாள் அக்காள். அத்தான் சிரித்து விட்டார்.

ஒற்றைக் கதவுப் பெட்டி சாதாரணமாக 21, 22 அங்குல அகலம் இருக்கும். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு கதவு உள்ள பெட்டி 22 முதல் 24 அங்குலம். இதோடு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம், பின்னால் நாலு அங்குலம் விட வேண்டும். வாசல், மாடிப்படித் திருப்பம் இரண்டையும் அளக்க மறக்காதீர்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதையும் பாருங்கள். சுவர்ப் பக்கம் திறந்தால் பாதிதான் திறக்கும். காய்கறி டிராயரை வெளியே இழுக்க முடியாது.

எத்தனை லிட்டர்?

இரண்டு, மூன்று பேர் உள்ள குடும்பத்துக்கு 200 லிட்டருக்குள் போதும். நாலைந்து பேர் என்றால் 230 முதல் 300 வரை பார்க்கலாம். இது பொதுக் கணக்கு. ஆனால், எத்தனை பேர் என்பதை விட, என்ன வைக்கிறீர்கள் என்பது முக்கியம்.

அக்காளை ஒரு காகிதத்தில் எழுதச் சொன்னேன். இட்லி மாவு ஒரு பெரிய பாத்திரம். பால் இரண்டு பாக்கெட். தயிர். மூன்று நாள் காய்கறி. தேங்காய் மூடி. பூ. அத்தைக்கு இன்சுலின் மருந்து.

"மீன்?" என்றேன்.

"மீனா? வாசலுக்கே வரும்போது பிரிட்ஜ் எதுக்குடா?"

அது உண்மைதான். மறுநாள் காலை மீன்கார அம்மா கூடையோடு வந்தார். சங்கரா, நெத்திலி, காரப்பொடி. எல்லாம் அன்று விடிகாலைக் கடலில் பிடித்தவை. பிரிட்ஜ் வாங்கப் போகும் செய்தியைக் கேட்டதும் அவர் முகம் மாறியது.

"வாங்கு தாயி. ஆனா மீனை மட்டும் அதுல அடுக்காதே. அன்னன்னிக்கு வாங்கி அன்னன்னிக்கு ஆக்கு. மிஞ்சினா கருவாடு இருக்குது."

தம் வியாபாரம் குறையுமே என்று சொல்கிறாரோ என்று முதலில் நினைத்தேன். ஆனால் விஷயம் இருக்கிறது.

கானாங்கெளுத்தி, சூரை, மத்தி போன்ற மீன்களைப் பிடித்த பிறகு வெயிலிலும் சூட்டிலும் விட்டு வைத்தால், அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகிறது. சாப்பிட்டவர்களுக்கு முகம் சிவக்கும், தலை வலிக்கும், உடம்பு அரிக்கும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அந்தப் பொருள் போகாது! பிறகு பிரிட்ஜில் வைத்தாலும் போகாது. மீனைப் பிடித்தது முதல் ஐஸில் வைப்பது ஒன்றுதான் வழி. வாங்கிய மீனைச் சுத்தம் செய்து, மூடிய பாத்திரத்தில் போட்டு, பிரிட்ஜில் ஒரு நாள், மிஞ்சிப் போனால் இரண்டு நாள் வைக்கலாம். ஒற்றைக் கதவுப் பெட்டியில் உள்ள சிறிய ஐஸ் அறை, வாரக் கணக்கில் மீன் வைப்பதற்கு ஏற்றது அல்ல.

தினமும் மீன் வாசலுக்கு வரும் ஊரில் பெரிய ஐஸ் அறைக்குப் பணம் கொடுப்பானேன்? சந்தைக்கு வாரம் ஒரு முறை மட்டுமே போகும் குடும்பத்துக்குக் கணக்கு வேறு.

அத்தையின் மருந்து

நாங்கள் பேசியதையெல்லாம் அத்தை கேட்டுக் கொண்டிருந்தார். கடைசியில், "எனக்கு மருந்து வைக்க ஒரு ஓரம் இருந்தா போதும் தம்பி" என்றார்.

அந்த ஓரம்தான் இந்த வீட்டில் மிக முக்கியமான இடம்.

பிரிக்காத இன்சுலினை 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஒரு முறை உறைந்து போனாலும் அது கெட்டது. எறிந்து விட வேண்டியதுதான். ஐஸ் அறைக்கு நேர் கீழே வைத்தால் உறையக் கூடும். கதவில் வைத்தால், திறக்கும் போதெல்லாம் சூடு படும். நடுத் தட்டில், ஒரு டப்பாவில் போட்டு வைப்பதே நல்லது.

2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கத்தில்தான் கரையைக் கடந்தது. அன்று இரவு மின்சாரம் போயிற்று. பிள்ளைகள் பிரிட்ஜைத் திறக்காமல் இருக்க, அக்காள் கதவுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து விட்டாளாம்! அது சரியான யோசனை. கதவைத் திறக்காமல் இருந்தால், மின்சாரம் போன பிறகும் நாலு மணி நேரம் வரை உள்ளே குளிர் நிற்கும். வயதானவர்களின் மருந்து உள்ள வீட்டில், கதவு ரப்பர் நன்றாகக் கவ்விப் பிடிக்கிறதா என்று கடையிலேயே பார்த்து விடுங்கள். ஒரு காகிதத்தைக் கதவில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். லேசாக வந்து விட்டால் ரப்பர் சரியில்லை.

ஐஸ் கட்டும் பெட்டி, கட்டாத பெட்டி

கடையில் முதலில் கேட்பது இதுதான். "டைரக்ட் கூலா? பிராஸ்ட் பிரீயா?"

டைரக்ட் கூல் என்றால் ஐஸ் கட்டும். அவ்வப்போது நிறுத்தி, உருக விட்டுத் துடைக்க வேண்டும். விலை குறைவு. ஒரே கொள்ளளவில் பார்த்தால் பெரும்பாலும் மின்சாரச் செலவும் குறைவு. பிராஸ்ட் பிரீ என்றால் உள்ளே ஒரு மின்விசிறி குளிர்ந்த காற்றைச் சுற்ற விடும், ஐஸ் கட்டாது. ஆனால் மூடாமல் வைத்த சோறு காய்ந்து போகும். கொத்தமல்லி வாடும். எதையும் மூடி வைக்க வேண்டும்.

கடற்கரையில் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். கதவைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் ஈரக் காற்று உள்ளே போகிறது. அந்த ஈரம்தான் ஐஸாகக் கட்டுகிறது. பிள்ளைகள் உள்ள வீட்டில் கதவு எத்தனை தடவை திறக்கும் என்று நான் சொல்ல வேண்டியது இல்லை! அக்காள் வீட்டுப் பழைய பெட்டியில் வாரத்துக்கு ஒரு தடவை ஐஸ் மலை எழும்பும். அத்தான் கத்தியை எடுத்துக் கொண்டு கிளம்பி விடுவார்.

கத்தியால் ஐஸைக் குத்தவே குத்தாதீர்கள். ஐஸுக்கு அடியில்தான் கேஸ் குழாய் இருக்கிறது. ஓட்டை விழுந்தால் பெட்டி வீண். அதோடு, இப்போது பல பெட்டிகளில் இருப்பது ஐஸோபியூட்டேன் என்ற கேஸ். அளவு சொற்பம்தான். ஆனால் தீப்பற்றக் கூடியது. முன்பு இருந்த சி.எப்.சி. கேஸ் தீப்பற்றாது, ஆனால் வானத்து ஓசோன் படலத்தை அரித்தது. அதனால் 1987-ல் மான்ட்ரியால் நகரில் உலக நாடுகள் கூடி ஒப்பந்தம் செய்து, அதை ஒழித்தன.

அதற்கும் முந்திய பெட்டிகளில் இருந்தது விஷ வாயு! ஜெர்மனியில் பெர்லின் நகரில், பிரிட்ஜில் கசிந்த வாயுவால் ஒரு குடும்பமே இறந்த செய்தியைப் பத்திரிகையில் படித்தார் ஒரு விஞ்ஞானி. மனம் நொந்து, கசியாத பிரிட்ஜ் ஒன்றைக் கண்டுபிடிக்க நண்பரோடு உட்கார்ந்தார். அவர் யார் தெரியுமா? ஐன்ஸ்டீன்! நண்பர் ஜிலார்ட். 1930-ல் அமெரிக்காவில் அவர்களுக்குக் காப்புரிமையும் கிடைத்தது. அந்தப் பிரிட்ஜ் கடைக்கு வரவில்லை. ஆனால் அதற்காக அவர்கள் யோசித்த மின்காந்தப் பம்பு வகை, பிற்காலத்தில் உருகிய சோடியத்தை ஓட விடும் அணு உலைகளில் பயன்பட்டது. 1985-ல் கல்பாக்கத்தில் இயங்கத் தொடங்கிய வேகப் பெருக்க அணு உலையும் சோடியத்தால் குளிர்விக்கும் உலைதான். பிரிட்ஜுக்கும் அணு உலைக்கும் இப்படி ஓர் உறவு!

நட்சத்திரத்தைப் பார்த்து மயங்காதீர்கள்

பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் நட்சத்திரங்கள் இருக்கும். பிராஸ்ட் பிரீ பெட்டிகளுக்கு 2010 முதல் இந்தச் சீட்டு கட்டாயம். நட்சத்திரம் அதிகமானால் மின்சாரச் செலவு குறைவு என்று அர்த்தம்.

ஆனால் நட்சத்திரத்துக்குக் கீழே ஓர் எண் இருக்கும். அதைப் படியுங்கள். "ஆண்டுக்கு இத்தனை யூனிட்" என்று போட்டிருக்கும். அதை 6-ஆல் வகுத்தால், இரண்டு மாத பில்லில் பிரிட்ஜின் பங்கு வந்து விடும். 240 யூனிட் என்றால் 40. 300 யூனிட் என்றால் 50. நம் மாநிலத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று 2016-ல் வந்தது. அதில் பாதியை ஒரு பிரிட்ஜே சாப்பிட்டு விடும் பாருங்கள்!

சீட்டில் எந்த வருஷம் என்றும் இருக்கும். விதிகள் அவ்வப்போது கடுமையாகின்றன. பழைய ஐந்து நட்சத்திரமும் புதிய ஐந்து நட்சத்திரமும் ஒன்று அல்ல. பழைய சரக்கைத் தள்ளுபடியில் தள்ளுகிறார்களா என்று கண்டுபிடிக்க இது உதவும்.

இன்னோர் எழுத்தையும் தேடுங்கள். பெட்டியின் விவரத் தகட்டில் 'என்', 'எஸ்.டி.', 'டி' என்று ஏதாவது இருக்கும். வெளியில் 43 டிகிரி வெப்பம் வரை வேலை செய்யும் பெட்டிக்கு 'டி'. நம் ஊர் வெயிலுக்கு அதுதான் சரி. 'என்' என்றால் 32 டிகிரி வரைதான்.

கடையில் ஒரு வேடிக்கை

செங்கல்பட்டில் ஒரு கடைக்குப் போனோம். அக்காள் தோளில் ஒரு துணிப் பை.

கடைப் பையன் நேரே பீரோ ரகப் பெட்டிக்கு அழைத்துக் கொண்டு போனான். கதவில் தண்ணீர் வரும், தொட்டால் விளக்கு எரியும் என்று அடுக்கினான். அக்காள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு பையைத் திறந்தாள். உள்ளே இருந்து வந்தது எவர்சில்வர் மாவுப் பாத்திரம்!

பெட்டியைத் திறந்து தட்டில் வைத்துப் பார்த்தாள். மேல் தட்டு இடித்தது. அடுத்த தட்டும் அப்படியே. கடைப் பையன் திகைத்தான். அத்தான் வேறு பக்கம் திரும்பிக் கொண்டார். பக்கத்தில் நின்ற இன்னோர் அம்மாள், "நல்ல யோசனையா இருக்கே, நானும் கொண்டாந்திருக்கலாமே!" என்றார்.

ஐந்து பெட்டிகளில் அந்தப் பாத்திரம் ஏறி இறங்கியது. கடைசியில், 260 லிட்டர் பிராஸ்ட் பிரீ ஒன்றில், நடுத் தட்டை ஒரு படி உயர்த்தியதும் கச்சிதமாக உட்கார்ந்தது. 24 அங்குலத்துக்குள் அகலம். பின்பக்கம் குழாய் வெளியே தெரியாமல் தகட்டுக்குள் மறைந்திருந்தது. உப்புக் காற்றுக்கு அது நல்லது. ஆனால் அத்தகைய பெட்டியின் பக்கவாட்டுத் தகடு சூடாகும். பயப்பட வேண்டாம். இடம் மட்டும் விடுங்கள்.

"கம்ப்ரஸருக்குப் பத்து வருஷ உத்தரவாதம்" என்றான் பையன்.

"துருவுக்கு?" என்றாள் அக்காள்.

அவன் புத்தகத்தைப் புரட்டினான். சிறிய எழுத்தில், துருவுக்கு உத்தரவாதம் இல்லை என்று போட்டிருந்தது. கடற்கரை ஊர்க்காரர்கள் இந்தப் பக்கத்தைப் பணம் கொடுக்கும் முன்பே படிக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தது

மறுநாள் பெட்டி வந்தது. கிழக்கு ஜன்னலுக்கு நேராக வைக்கவில்லை. கடல் காற்று நேரே அடிக்கும். அடுப்புக்குப் பக்கத்திலும் வைக்கவில்லை. தரையில் ஈரம் படாமல் இருக்கப் பிளாஸ்டிக் நிறுத்தி வைத்தோம். மூன்று முள் பிளக்குக்கு எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியன் பார்த்தார். வாரம் ஒரு முறை, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வெளித் தகட்டைத் துடைத்து, உடனே உலர்ந்த துணியாலும் துடைக்க வேண்டும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். அந்த வேலை அத்தான் தலையில் விழுந்தது. பெரிய பெட்டி கேட்டதற்குத் தண்டனை என்றாள் அக்காள்.

வண்டியில் குலுங்கி வந்த பெட்டியை உடனே ஓட விடக் கூடாது. சில மணி நேரம் நிமிர்ந்து நிற்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பொறுக்கவில்லை. காலையிலிருந்து பத்துத் தடவை திறந்து பார்த்து விட்டார்கள். விளக்கு எரியவில்லையே என்று அவர்களுக்கு வருத்தம்.

மாலை நாலு மணிக்கு அத்தை வந்து சுவிட்சைப் போட்டார். நன்றாகக் குளிர்ந்த பிறகு, பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்திருந்த மருந்து டப்பாவை வாங்கி வந்து நடுத் தட்டில் வைத்தாள் அக்காள். அடுத்தது மாவுப் பாத்திரம்.

அத்தை மட்டும் மூலையில் இருந்த மண் பானையில் ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு குடித்தார்.

"அது அது இருக்கற இடத்துல இருக்கட்டும் தம்பி" என்றார்.